கான்டியோன் பியரை ருசித்து மதிப்பெண் போடுவது எப்படி: முதல்முறை போகிறவர்களுக்கு

பிரஸ்ஸல்ஸில் உள்ள கான்டியோன் ஆலையின் புளிப்புப் பியரை முதல்முறை குடிக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். முதல் மிடறிலேயே முகம் சுளித்து, கெட்டுப்போன சரக்கு என்று ஐந்துக்கு ஒன்று போடுகிறார்கள். அல்லது உலகமே புகழ்கிறதே, நமக்குத்தான் புரியவில்லை போலிருக்கிறது என்று பயந்து ஐந்துக்கு ஐந்து போட்டுவிடுகிறார்கள். இந்த இரண்டு மதிப்பெண்ணாலும் அடுத்து வாங்குகிறவருக்குக் காசளவு பயனில்லை. ஆறு மாதம் கழித்து உங்களுக்கே அதற்கு அர்த்தம் தெரியாது.

டிக்கெட், சுங்கம், கார்க் திருகி தொடங்கி மதிப்பெண் தாள் வரை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சொல்லித்தர எனக்கு யாரும் கிடைக்கவில்லை. துண்டு துண்டாகச் சேர்த்ததை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. எதைக் குடிக்கப் போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே காய்ச்சுவது லாம்பிக். முளைகட்டிய பார்லி ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, முளைகட்டாத கோதுமை மூன்றில் ஒரு பங்கு. ஹாப்ஸ், அதாவது பியரில் போடும் ஒரு கொடியின் பூ, வேண்டுமென்றே இரண்டு மூன்று ஆண்டு பழசாக்கப்பட்டது. ஈஸ்ட்டை யாரும் தூவுவதில்லை. காய்ச்சிய சாற்றை மேல்மாடியில் அகலமான திறந்த செம்புத் தொட்டியில் ஊற்றி இரவு முழுக்க ஆறவிடுகிறார்கள்; காற்றிலும் மரத்திலும் குடியிருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தாமாக இறங்கி வேலையைத் தொடங்குகின்றன. பிறகு மர பீப்பாய்களில் ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை கிடக்கிறது. ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைத்து மறுபடியும் நொதிக்கவிட்டால் அதற்குப் பெயர் கூஸ்.

ஆக, புளிப்புதான் இதன் இயல்பு. கசப்பு மிகக் குறைவு. பழைய ஹாப்ஸ் கசப்புக்காகப் போடப்படுவதல்ல, கெடாமல் காப்பதற்காகப் போடப்படுவது. மதுச்சத்து 5 சதவீதத்தை ஒட்டியிருக்கும். கடையில் ஜில்லென்று கிடைக்கும் சாதாரண லாகர் பியரை மனத்தில் வைத்துக்கொண்டு இதை அளந்தால் எந்தப் பாட்டிலும் தேறாது.

ஒரு பொறி இங்கேயே இருக்கிறது. பெல்ஜியத்துச் சூப்பர் மார்க்கெட்டுகளில் 'கிரீக்' என்ற பெயரில் இனிப்புச் சேர்த்த செர்ரி பியர்கள் அடுக்கியிருக்கும். அதைக் குடித்துப் பழகிவிட்டு கான்டியோன் கிரீக்கைத் திறந்தால் அதிர்ச்சி நிச்சயம். முன்பயிற்சி வேண்டுமென்றால் பூன் நிறுவனத்தின் 'ஔட கூஸ்' வாங்கிப் பாருங்கள். 'ஔட' என்ற அடைமொழி இருந்தால் இனிப்புச் சேர்க்காத பழைய முறை என்று அர்த்தம். ஐரோப்பிய ஒன்றியம் அதைச் சட்டத்தால் காக்கிறது. கான்டியோன் அந்தச் சொல்லைத் தன் லேபிளில் எழுதுவதில்லை, '100 சதவீத லாம்பிக்' என்று போடுகிறது. இல்லையே என்று தேடி ஏமாற வேண்டாம்.

2. ஆவணங்களும் பயணமும்

ஆலை இருப்பது ஆண்டர்லெக்ட் பகுதியில், ரூ கூட் தெருவில், 56ஆம் எண். பிரஸ்ஸல்ஸ் மிதி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், பத்து நிமிடம். மெட்ரோ என்றால் கிளெமான்ஸோ நிறுத்தம் பக்கம்.

பாரிஸ் லா ஷப்பலில் இருப்பவர்களுக்கு இது ஒரு நாள் வேலை. கார் தூ நோர் நிலையத்துக்கு நடந்து போய் யூரோஸ்டார் ஏறினால் 1 மணி 22 நிமிடத்தில் மிதி. ரயில் டிக்கெட் விலை நாளுக்கு நாள் ஏறும். முன்கூட்டி எடுத்தால் மிச்சம். பஸ் மலிவு, ஆனால் போக 4 மணி நேரம், வர 4 மணி நேரம். திரும்பும்போது வயிற்றில் புளிப்பு இருக்கும் என்பதை யோசித்து முடிவெடுங்கள்.

லண்டனிலிருந்து ரயிலில் சுமார் 2 மணி நேரம். ஆனால் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டில் பிரிட்டனில் வசிப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பிரிட்டன் வதிவிட அனுமதி அதற்கு ஈடாகாது. பெரியவருக்குக் கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து மனுப்போடலாம், கடைசி 15 நாளுக்குள் போட முடியாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். நேர்முகத்துக்கு இடம் கிடைப்பதுதான் உண்மையான தலைவலி. பியர் ஆலையின் கதவு திறந்திருக்கும் நாளைவிட முதலில் அந்த நாளைப் பிடியுங்கள். பிரான்ஸ், ஜெர்மனி போன்ற நாடுகளின் செல்லுபடியாகும் வதிவிட அட்டை இருப்பவர்களுக்கு விசா வேண்டாம். அட்டையோடு பாஸ்போர்ட்டையும் கையில் வைத்திருங்கள்.

பெல்ஜியத்தில் பியர் குடிக்கச் சட்ட வயது 16. கார் ஓட்டிப் போகிறவர்களுக்கு இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்பது வரம்பு. ரயிலிலேயே போய்விடுங்கள், அந்தக் கணக்கே வேண்டாம். மிதி நிலையத்தில் பையைக் கழுத்தில் மாட்டிக்கொள்வது நல்லது.

3. நாளும் நேரமும்

புதன், ஞாயிறு மூடியிருப்பது வழக்கம். மற்ற நாட்களில் காலை 10 மணிக்குத் திறப்பார்கள், மாலை 5 மணிக்கு மூடுவார்கள். விடுமுறை நாட்களில் இது மாறும், எனவே புறப்படும் முன் ஆலையின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காய்ச்சும் பருவம் அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. இரவுக் குளிர் வேண்டும் என்பதால் கோடையில் காய்ச்ச மாட்டார்கள். செம்புத் தொட்டியில் ஆவி பறப்பதைக் காண ஆசையென்றால் குளிர்காலத்தில் போங்கள். கோடையில் போனாலும் பீப்பாய் அறை இருக்கிறது, சிலந்தி வலைகளோடு. சிலந்தியை அவர்கள் விரட்டுவதில்லை. பழம் கிடக்கும் இடத்தில் ஈ வரும். ஈயைச் சிலந்தி பார்த்துக்கொள்கிறது.

ருசி பார்க்க மட்டும் என்றால் காலை 10, 11 மணிதான் சிறந்த நேரம். நாக்கு தெளிவாக இருக்கும், கூட்டமும் இருக்காது. சனிக்கிழமை பிற்பகல் வேண்டாம். பக்கத்து மேசைச் சத்தத்தில் மூக்கு வேலை செய்வதில்லை என்பது என் அனுபவம்.

அன்று காலை காப்பி குடிக்காதீர்கள். ஊறுகாய், மிளகாய்ப் பொடி எதுவும் வேண்டாம். சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள். இது உங்களுக்கு மட்டுமல்ல, அதே மேசையில் உட்காரும் எல்லோருக்கும் கெடுதல். வெறும் வயிற்றிலும் போகக் கூடாது. இந்தப் புளிப்பு நெஞ்செரிச்சல் உள்ளவர்களைப் பதம் பார்த்துவிடும். ரொட்டியும் கொஞ்சம் பாலாடைக்கட்டியும் போதும். பிரஸ்ஸல்ஸ்காரர்கள் ரொட்டியில் மென்மையான வெண்பாலாடைக்கட்டி தடவி, முள்ளங்கி வைத்து லாம்பிக்கோடு சாப்பிடுவார்கள். அது பொருந்துகிற மாதிரி வேறெதுவும் பொருந்தாது.

4. செலவு

ஆலையைச் சுற்றிப் பார்க்கும் டிக்கெட்டில் ருசி பார்ப்பதும் சேர்ந்தே வரும். ஆனால் அது சிறு கோப்பை. மதிப்பெண் போடும் அளவுக்கு ருசி பார்க்க வேண்டுமென்றால் தனியாகப் பாட்டில் வாங்க வேண்டும். இதற்கு நான்கு பேராகப் போவதுதான் கணக்குக்கு ஒத்துவரும். 75 சென்டிலிட்டர் பாட்டில் ஒன்றை நான்கு பேர் பிரித்தால் ஆளுக்கு 187 மில்லிலிட்டர் சொச்சம். மூன்று பாட்டில் திறந்தாலும் ஆளுக்கு அரை லிட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். தனியாகப் போகிறவர் 37.5 சென்டிலிட்டர் பாட்டிலைக் கேட்கலாம். எல்லா வகையிலும் அது இருக்காது.

விலையில் பெரிய பொறி ஆலைக்கு வெளியே இருக்கிறது. இதே பாட்டில் நகரத்து பார்களில் கூடுதல் விலைக்கு விற்கும், அது நியாயம்தான். ஆனால் இணையத்தில் மறுவிற்பனை செய்கிறவர்கள் பல மடங்கு கேட்பார்கள். அந்த விலை கொடுத்து வாங்கியவர் போடும் மதிப்பெண்ணை நான் நம்புவதே இல்லை. கொடுத்த பணத்துக்கு நாக்கு வக்காலத்து வாங்கும்.

5. எந்த வரிசையில் கேட்பது

நான்குக்கு மேல் வேண்டாம். நான்காவதுக்குப் பிறகு நாக்கில் புளிப்பு மட்டும்தான் தங்கும், மற்றதெல்லாம் மரத்துவிடும்.

முதலில் நுரையில்லாத பழைய லாம்பிக். பாட்டிலில் அது 'கிரான் குரு புரோக்செல்லா' என்ற பெயரில் வருகிறது, மூன்றாண்டு பீப்பாயில் கிடந்தது, கலக்காதது. குமிழியே இருக்காது, பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அடிப்படைச் சுவை என்னவென்று இதில்தான் பிடிபடும்.

இரண்டாவது கூஸ். இந்த ஆலையை எடைபோட ஒரே ஒரு பாட்டில்தான் என்றால் இதுதான்.

மூன்றாவது பழம் போட்டது. புளிப்புச் செர்ரி போட்ட கிரீக்கில் லிட்டருக்கு 200 கிராம் கணக்கில் பழம் ஊறுகிறது. ராஸ்பெரி போட்டது 'ரோசே த காம்ப்ரினுஸ்'. ஆப்ரிகாட் போட்ட 'ஃபூ ஃபூன்' எப்போதும் கிடைக்காது. இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் ஏங்க வேண்டாம்.

நான்காவதாகத் திராட்சை: வெள்ளை மஸ்கட் திராட்சையில் 'வின்யெரோன்', மெர்லோ கருந்திராட்சையில் 'சென் லாம்வினுஸ்'.

'ஈரிஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதில் கோதுமை கிடையாது, புது ஹாப்ஸும் சேர்க்கிறார்கள். நல்ல பியர், ஆனால் லாம்பிக் அளவுகோலில் அதை அளக்காதீர்கள்.

6. பாட்டிலைத் திறப்பது

மேலே சோடா மூடி இருக்கும். அதைக் கழற்றினால் வேலை முடிந்தது என்று நினைப்பீர்கள். உள்ளே கார்க் இருக்கும். விடுதி அறைக்கு வாங்கிப் போகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மூடித் திறப்பானும் வேண்டும், கார்க் திருகியும் வேண்டும். உள்ளே அழுத்தம் இருப்பதால் கார்க்கை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பாட்டிலைச் சற்றுச் சாய்த்து, துணியால் கழுத்தைப் பிடித்து, மெதுவாகத் திருகி எடுங்கள். 'புஸ்' என்ற சன்ன ஓசை வந்தால் போதும்.

படுக்க வைத்திருந்த பாட்டிலை ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள், அடியில் வண்டல் தங்கட்டும். ஊற்றும்போது இடையில் நிமிர்த்தினால் வண்டல் கலங்கிவிடும்; கோப்பைகளை வரிசையாக வைத்து ஒரே மூச்சில் ஊற்றுங்கள். கடைசிக் கால் கோப்பை கலங்கலாக வரும். அதைத் தனியாக ருசிக்கலாம், மதிப்பெண்ணில் சேர்க்காதீர்கள்.

வெப்பநிலை 12 டிகிரியை ஒட்டி. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தால் அரை மணி நேரம் வெளியே வையுங்கள். உறையக் குளிர்ந்த கூஸில் எலுமிச்சைத் தண்ணீருக்கு மேல் எதுவும் தெரியாது. கோப்பை, வாய் குறுகிய வைன் கோப்பையாக இருக்கட்டும். சோப்பு வாசனை இல்லாமல் வெந்நீரில் அலசித் துடைத்தது.

7. ருசிப்பது, எழுதுவது

கைபேசியை ஓரம் வையுங்கள். மற்றவர் போட்ட மதிப்பெண்ணை முதலில் பார்த்துவிட்டால் உங்கள் மூக்கு அதைத்தான் தேடும். காகிதமும் பேனாவும் போதும்.

முதல் மிடறு கணக்கில் இல்லை. அது நாக்கைப் பழக்குவதற்கு மட்டும். புளிப்பு உறைத்து அடங்கியதும், அரை நிமிடம் விட்டு மோந்து பாருங்கள். கோப்பையைச் சுழற்றாமல் ஒருமுறை, சுழற்றி ஒருமுறை. என்ன வாசனை என்று உங்களுக்குத் தெரிந்த பொருளில் எழுதுங்கள். வாழ்க்கையில் மோந்தே பார்க்காத கூஸ்பெரிப் பழத்தையும் குதிரைப் போர்வையையும் ஆங்கிலக் குறிப்புகளிலிருந்து நகல் எடுப்பதில் அர்த்தமில்லை. எனக்குக் கூஸில் முதலில் வருவது கிடாரங்காய்த் தோல். பின்னால் ஈர வைக்கோல், அதற்கும் பின்னால் மழைக்கால ஆட்டுத் தொழுவம். அந்தத் தொழுவ வாசனை பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் தருவது. இந்த வகைக்கு அது அழகு, அளவு மீறாத வரை.

பிறகு வாயில் கால் நிமிடம் வைத்திருந்து விழுங்குங்கள். நாக்கின் ஓரத்தில் புளிப்பு, ஈற்றில் மரப் பீப்பாயின் துவர்ப்பு, விழுங்கியபின் எவ்வளவு நேரம் எது தங்குகிறது என்று எழுதுங்கள். கிரீக்கில் பழம் மட்டுமல்ல, கொட்டையின் பாதாம் வாசனையும் வரும். அரை மணி நேரம் கழித்து, கோப்பை சற்றுச் சூடேறியபின் மறுபடியும் ஒரு வரி எழுதுங்கள். பல பியர்கள் இங்கே குணம் மாறும். நல்ல கூஸ் மேலும் திறந்துகொள்ளும், சுமாரானது வெறும் புளிப்பாகச் சுருங்கும்.

தாளின் தலைப்பில் பியரின் பெயரோடு, லேபிளில் உள்ள பாட்டிலில் அடைத்த தேதியும், நீங்கள் குடித்த தேதியும் கட்டாயம் இருக்க வேண்டும். ஒவ்வொரு கலவையும் வேறு வேறு. தேதியில்லாத குறிப்பு எந்தப் பாட்டிலைப் பற்றியது என்று யாருக்கும் தெரியாது.

8. புளிப்பு வேறு, பழுது வேறு

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். கீழே உள்ளவற்றைப் பிரித்தறியப் பழகினால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

லாக்டிக் புளிப்பு, அதாவது மோர், தயிர் போன்றது, வட்டமாக நாக்கில் பரவும். இது வேண்டியது. காடியின் புளிப்பு மூக்கில் குத்தும், தொண்டையை எரிக்கும். மெல்லிய இழையாக இருந்தால் பொறுக்கலாம், முன்னால் வந்து நின்றால் குறை. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாசனை வந்தால் பழுது. பச்சைக் குழந்தை கக்கிய பால் வாசனை வந்தாலும் பழுது. நனைந்த அட்டைப்பெட்டி, பூஞ்சை பிடித்த பாதாள அறை போல் இருந்தால் கார்க்கின் கோளாறு. ஆலையின் மேல் பழி போடாமல் வேறு பாட்டிலில் மறுபடியும் பாருங்கள். பழைய பாலாடைக்கட்டி வாசனை லேசாக வந்தால் அது பழைய ஹாப்ஸின் தடம், பயப்பட வேண்டாம்.

இன்னொன்று ஏமாற்றும். மோந்தால் ஒன்றும் இருக்காது, விழுங்கிச் சில நொடிக்குப் பிறகு எலிக்கூண்டு போல ஒரு நெடி தொண்டையிலிருந்து மேலே வரும். ஒருவர் உமிழ்நீரில் தெரியும், இன்னொருவருக்குத் தெரியவே தெரியாது. மேசையில் இருவர் சண்டை போட்டுக்கொண்டால் இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஆளுக்கொரு தாளில் அவரவர் எழுதட்டும்.

9. மதிப்பெண்

நான் பயன்படுத்துவது பியர் நடுவர்களின் பிஜேசிபி தாள். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, மொத்த நிறைவுக்கு 10, கூட்டினால் 50. இதன் நல்ல குணம், நிறத்தைப் பார்த்து மயங்கி அள்ளிக் கொடுக்க முடியாது, 3தான் இருக்கிறது. அதன் வகைப் பட்டியல் இணையத்தில் இலவசம். 23டி லாம்பிக், 23இ கூஸ், 23எஃப் பழ லாம்பிக். அந்தந்தப் பக்கத்தை முன்னிரவே படித்துவிடுங்கள்; உங்கள் பியரை அந்தப் பக்கத்தோடுதான் ஒப்பிட வேண்டும், உங்களுக்குப் பிடித்த பியரோடு அல்ல.

ஒரு கூஸுக்கு நான் போட்டது: மணம் 10, தோற்றம் 3, சுவை 16, வாயுணர்வு 4, நிறைவு 8. மொத்தம் 41. அந்தத் தாளில் 38 முதல் 44 வரை 'மிகச் சிறப்பு'. சுவையில் 4 குறைந்ததற்குக் காரணம், ஈற்றில் காடியின் முனை கொஞ்சம் தூக்கலாக இருந்தது. குறைத்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் இப்படி ஒரு காரணம் எழுத முடியவில்லையென்றால் குறைக்காதீர்கள்.

அன்டாப்டு போன்ற செயலியில் 5க்குப் போட வேண்டுமென்றால் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். எண்ணை மட்டும் தட்டாமல் இரண்டு வரியும் சேர்த்து எழுதுங்கள். படிக்கிறவருக்கு உதவுவது அந்த இரண்டு வரிதான். 'எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் வகைக்கு ஏற்றது' என்று எழுதத் தயங்காதீர்கள். பிடித்தமும் தரமும் ஒரே எண்ணுக்குள் அடங்காதபோது இரண்டையும் தனித்தனியாகச் சொல்வதே நேர்மை.

உங்கள் நாக்கை நம்பலாமா என்று சோதிக்க ஒரு மலிவான வழி. நண்பர் ஒருவரை மூன்று கோப்பையில் ஊற்றச் சொல்லுங்கள். இரண்டில் ஒரே கூஸ், ஒன்றில் வேறு ஆலையின் கூஸ். எது தனி என்று கண்டுபிடிக்க முடியாத நாளில் கால் மதிப்பெண் வித்தியாசத்துக்கெல்லாம் வாதாட வேண்டாம்.

10. வீட்டுக்குக் கொண்டுபோவது

ரயிலில் என்றால் அந்த நிறுவனம் எத்தனை பாட்டில் அனுமதிக்கிறது என்று டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். பிரிட்டனுக்குச் சொந்த உபயோகத்துக்கு 42 லிட்டர் பியர் வரை வரியில்லை, தோள்தான் தாங்காது. இந்தியாவுக்கு எல்லா மதுவும் சேர்த்து 2 லிட்டர், அதாவது 75 சென்டிலிட்டர் பாட்டில் இரண்டு. விமானத்தில் கைப்பையில் விட மாட்டார்கள். ஒவ்வொரு பாட்டிலையும் தடித்த காலுறைக்குள் நுழைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, பெட்டியின் நடுவில் துணிகளுக்கிடையே வையுங்கள். கார்க் திருகியையும் அதே பெட்டியில் போட்டுவிடுங்கள்.

வீட்டில் இருட்டான, குளிர்ந்த இடத்தில் படுக்க வையுங்கள். கூஸ் நல்ல நிலவறையில் 20 ஆண்டுகூடத் தாங்கும். பழம் போட்டவற்றை அப்படி வைக்காதீர்கள். பழ மணம்தான் முதலில் போகும், ஓராண்டுக்குள் குடித்துவிடுவது நல்லது. சென்னையின் மே மாதத்து அலமாரியில் வைப்பதைவிட, வந்த வாரத்திலேயே திறந்துவிடலாம். கூஸ் இரண்டு பாட்டில் வாங்க முடிந்தால், ஒன்றை இப்போது திறந்து தாளை நிரப்புங்கள். அந்தத் தாளை மடித்து இன்னொரு பாட்டிலின் கழுத்தில் ரப்பர் பேண்டால் கட்டி வையுங்கள். அடுத்த ஆண்டு அதைத் திறக்கும்போது, புதுத் தாளை நிரப்பி முடித்த பிறகே பழையதைப் பிரியுங்கள்.